தகவல் போன வழி, போகாத வழி: தாமிரபரணிக் கரைக் குடும்பங்களுக்குச் சில செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2019 ஏப்ரல் 4ஆம் தேதி இந்திய உளவுத்துறை இலங்கைக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. தற்கொலைத் தாக்குதல் நடக்கலாம், திட்டமிடுபவர் கிழக்கிலங்கைக் காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாசிம், குறி கத்தோலிக்கத் தேவாலயங்களும் கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகமும். இவ்வளவு விவரமாக ஓர் எச்சரிக்கை கிடைப்பது அபூர்வம். கோவையில் 2018இல் கைதானவர்களிடம் கிடைத்த தடயங்களைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் சஹ்ரானின் பெயர் வலுவாக மேலே வந்தது என்று அப்போது செய்திகள் வந்தன.

சரியாக 17 நாள் கழித்து, ஈஸ்டர் ஞாயிறு காலையில், கொச்சிக்கடை அந்தோணியார் கோவில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள் எல்லாம் சிதறின. 260க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பூசைக்கு வந்த பிள்ளைகள் அதில் எத்தனையோ பேர்.

நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு இல்லாமல் போனதா? இருந்தது. தகவல் கடலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் 2018 அக்டோபரிலிருந்து சண்டை. பாதுகாப்புக் கூட்டங்களுக்குப் பிரதமரை அழைப்பதே இல்லை. கடிதம் மேசை மேசையாக நகர்ந்தது, தேவாலய வாசலுக்கு வரவில்லை. 2023 ஜனவரி 12இல் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காவல்துறைத் தலைவரும் உளவுத்துறைத் தலைவரும் ஆளுக்கு ஏழரைக் கோடி.

இதில் நெல்லைக்காரர்களுக்கு என்ன என்று கேட்கலாம். கொழும்புக் கடைத்தெருவில் நம் தாத்தாக்கள் கணக்கெழுதிய காலம் ஒன்று உண்டு. இன்று துபாயிலும் ரியாத்திலும் நம் பிள்ளைகள். சிம் கார்டு வாங்கப் போனாலும், வங்கியில் கணக்குத் தொடங்கப் போனாலும், கடவுச்சீட்டுக்குக் காவலர் வீட்டுக்கு வந்து விசாரித்தாலும், உலக நாடுகள் பயங்கரவாதத்துக்கு எதிராகச் செய்துகொண்ட ஏற்பாடுகளின் ஒரு நுனி நம் வாசலைத் தொடுகிறது. ஆகவே நம் பக்கத்தில் செய்ய வேண்டியதும் கூடாததும் இருக்கின்றன. கூடாதவற்றிலிருந்து தொடங்குகிறேன். அவைதான் அவசரமானவை.

செய்யக்கூடாதவை

குண்டு வெடித்த அன்றே குற்றவாளி யார் என்று முடிவு கட்டாதீர்கள்.

தென்காசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2008 ஜனவரி 24 இரவு அங்கே ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்திலும் பேருந்து நிலையத்திலும் குழாய் வெடிகுண்டுகள் வெடித்தன. ஊர் ஏற்கெனவே ரணமாக இருந்த நேரம். ஒரு பள்ளிவாசல் கட்டுமானத் தகராறு வளர்ந்து, 2006 டிசம்பரில் இந்து அமைப்புத் தலைவர் ஒருவர் கொலை, அதற்குப் பதில், அந்தப் பதிலுக்குப் பதில் என்று போய், 2007 ஆகஸ்ட் 14இல் நடுத்தெருவில் இரு தரப்பிலுமாக ஆறு பேர் வெட்டியும் குத்தியும் சாய்க்கப்பட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், அந்த அலுவலகத்தில் குண்டு வெடித்தால் விரல்கள் எந்தப் பக்கம் நீளும்? நீண்டன. சில நாட்களில் காவல்துறை கைது செய்தது யாரை என்றால், இந்து அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர்களையே. பழியை மறுதரப்பின் மீது போடவும் ஆதரவு திரட்டவும் அவர்களே வைத்ததாகக் காவல்துறை சொன்னது.

அந்த இரவுக்கும் கைதுக்கும் இடையிலிருந்த நாட்களில் தென்காசியில் ஒரு கல் பறந்திருந்தால், ஒரு கடை எரிந்திருந்தால், அந்தச் சதி ஜெயித்திருக்கும். நிதானமாக இருந்தவர்கள்தான் ஊரைக் காப்பாற்றினார்கள். அவர்கள் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

அப்போது வாட்ஸ்அப் கிடையாது. இன்று அதே குண்டு வெடித்தால், புகை அடங்கும் முன் பத்துக் குழுக்களில் பத்துக் குற்றவாளிகள் இருப்பார்கள். உங்களுக்கு வந்த வீடியோ எந்த ஊரில், எந்த வருஷத்தில் எடுத்தது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், அனுப்பாதீர்கள். அவ்வளவுதான்.

ஓர் ஊரை, ஒரு தெருவைச் சந்தேகப் பட்டியலில் வைக்காதீர்கள்.

மேலப்பாளையம் என்று முகவரி சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் ஒரு கணம் மாறுவதை அந்த ஊர்ப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே படித்துவிடுகிறார்கள். நேர்முகத் தேர்வில், வாடகை வீடு கேட்கும்போது, வாகனச் சோதனையில். 2024 நவம்பரில் 'அமரன்' படம் ஓடிய மேலப்பாளையம் தியேட்டரில் பெட்ரோல் குண்டு வீசினார்கள். வீசியவர்கள் குற்றவாளிகள், தண்டனை பெற வேண்டியவர்கள். ஆனால் அன்று அந்தத் தியேட்டரைச் சுற்றிப் பயந்துபோய் நின்றவர்களும் மேலப்பாளையத்துக்காரர்கள்தான்.

இதை இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சஹ்ரானைப் பற்றி முதலில் எச்சரித்தவர்கள் இலங்கை முஸ்லிம்கள். அவர் பேச்சு போகிற போக்கு சரியில்லை என்று தாக்குதலுக்கு ஆண்டுகளுக்கு முன்பே அதிகாரிகளிடம் சொன்னார்கள். காத்தான்குடியில் 2017 மார்ச்சில் அவருடைய ஆட்கள் சூஃபி வழியினரோடு மோதி, அவர் தலைமறைவான கதையை ஊரே அறியும். ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு ஏப்ரல் 26இல், கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதுவில் புதிதாகக் குடிவந்தவர்கள் மீது ஐயப்பட்டுத் தகவல் கொடுத்தவர்களும் அக்கம்பக்கத்து முஸ்லிம்கள். அந்த வீட்டில் சஹ்ரானின் தகப்பனும் சகோதரர்களும் குண்டுகளோடு பதுங்கியிருந்தார்கள். அவர்கள் வெடிக்கவைத்ததில் ஆறு குழந்தைகள் உட்பட 15 பேர் மடிந்தார்கள். அந்தக் குண்டுகள் இன்னொரு கோவில் திருவிழாவுக்குப் போகாமல் நின்றது அந்தத் தெருக்காரர்களால்.

அடுத்த மாதம் நடந்தது என்ன? மே 13இல் மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கத்திலும் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன, ஒருவர் கொல்லப்பட்டார். சிங்களத் தாய்மார்களுக்குக் கள்ளத்தனமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு முஸ்லிம் மருத்துவர் மீது பொய்ப் பழி போட்டு உள்ளே தள்ளினார்கள். தகவல் கொடுத்த சமூகத்துக்குக் கிடைத்த கூலி இது. அடுத்த தடவை ஒருவன் எதையாவது பார்த்தால் காவல் நிலையப் படி ஏறுவானா? 

உண்டியலில் பணம் அனுப்பாதீர்கள், வாங்காதீர்கள்.

கடையநல்லூர், ஏர்வாடி, மேலப்பாளையம், பத்தமடை என்று எந்த ஊரை எடுத்தாலும் உண்டியல் என்றால் கோவில் உண்டியல் மட்டும் இல்லை என்பது தெரியும். ஷார்ஜாவில் மகன் ஒரு கடைக்காரரிடம் திர்ஹம் கொடுக்கிறான். மாலைக்குள் இங்கே ஒருவர் பைக்கில் வந்து, நோட்டு நம்பரைச் சரிபார்த்து, ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். வங்கியைவிட நாலு காசு கூட. வரிசையில் நிற்க வேண்டாம், படிவம் வேண்டாம். அம்மாவுக்கும் வசதி.

அந்த மகனின் பணம் வியர்வைப் பணம். அதில் ஐயமே இல்லை. ஆனால் அவன் கொடுத்த திர்ஹம் இங்கே வருவதில்லை. இங்கே எண்ணிக் கொடுத்த ரூபாய் வேறு யாருடையதோ. தங்கக் கடத்தல்காரனுடையதாக இருக்கலாம், வரி ஏய்த்தவனுடையதாக இருக்கலாம், ஆயுதம் வாங்குகிறவனுடையதாகவும் இருக்கலாம். அங்கே கொடுத்த திர்ஹம் எந்தக் கைக்குப் போகிறது என்பதும் தெரியாது. இந்த இருட்டுத்தான் பயங்கரவாதிகளுக்குத் தேவை. லட்சம் பேரின் நேர்மையான சம்பளத்துக்கு நடுவே தங்கள் பணத்தை நடத்திக்கொண்டு போகிறார்கள்.

2001 செப்டம்பர் 28இல் ஐ.நா. பாதுகாப்பு அவை 1373ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, பயங்கரவாதத்துக்கு நிதி தருவதைக் குற்றமாக்க வேண்டும் என்று எல்லா நாடுகளையும் கட்டாயப்படுத்தியது. நாடுகள் அதை ஒழுங்காகச் செய்கின்றனவா என்று எஃப்ஏடிஎஃப் என்ற பாரிஸ் அமைப்பு பரீட்சை வைக்கிறது. இந்தியா 2010 முதல் அதில் உறுப்பினர். இலங்கை 2017 முதல் 2019 வரை அதன் கண்காணிப்புப் பட்டியலான சாம்பல் பட்டியலில் கிடந்தது. வங்கியில் கேஒய்சி கேட்டு நச்சரிக்கிறார்களே, அதன் வேர் இங்கேதான். உண்டியலில் சிக்கினால் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம். இப்போது பல உண்டியல்காரர்கள் ரொக்கத்துக்குப் பதிலாக உங்கள் கணக்கிலேயே போட்டுவிடுகிறார்கள். அந்தப் பணம் ஒரு மோசடி வழக்கில் சம்பந்தப்பட்டதாக இருந்தால், உங்கள் கணக்கு முடங்கும். மகள் கல்யாணத்துக்கு முதல் வாரம் கணக்கு முடங்கினால் யாரிடம் போய் அழுவது?

ஒரு வார்த்தை அரசுக்கும். உண்டியலை நாடுகிறவர்களில் பலர் விசா காலாவதியாகி, கடவுச்சீட்டு முதலாளி கையில் மாட்டிக்கொண்டு, வங்கிப் பக்கமே போக முடியாதவர்கள். அவர்களுக்குத் தூதரகம் வழி செய்யாமல் உண்டியலை மட்டும் திட்டுவதில் பயனில்லை.

உங்கள் பேரில் இன்னொருவருக்கு சிம் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

"அண்ணாச்சி, ஆதார் கைவசம் இல்ல, ஒரே ஒரு சிம் மட்டும் உங்க பேர்ல எடுத்துத் தாங்க" என்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவரிடமிருந்து அது யாரிடம் போகும் என்பதற்கு நீங்கள் பொறுப்பாளி ஆகிறீர்கள். ஒருவர் பேரில் 9 இணைப்புகள் வரை இருக்கலாம். உங்கள் பேரில் எத்தனை இருக்கின்றன என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கை, ஏடிஎம் அட்டையை வாடகைக்கு விடுவதற்கும் இதே பதில்தான்.

காரணத்தைப் பேசுகிறவர் வாயை அடைக்காதீர்கள்.

காரணம் கேட்டால் கொலையை நியாயப்படுத்துகிறாய் என்கிறார்கள். 2006 செப்டம்பர் 8இல் ஐ.நா. பொது அவை ஏற்ற உலகளாவிய உத்தியின் முதல் தூணே காரணங்களைப் பற்றியதுதான்: தீராமல் இழுக்கும் சச்சரவுகள், சட்டத்தின் ஆட்சி இல்லாமை, மனித உரிமை மீறல், இன மதப் பாகுபாடு, அரசியலில் ஒதுக்கப்படுதல், வாழ்க்கையில் ஓரங்கட்டப்படுதல். எந்தக் காரணமும் கொலைக்கு மன்னிப்பாகாது என்பதையும் அதே வரிசையில் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல முடியும், சொல்ல வேண்டும்.

நம் மண்ணிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1906இல் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கினார். பங்கு விற்று, கணக்கு வைத்து, சட்டப்படி நடத்திய வணிகம். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், வென்றார்கள். எல்லாம் வெளிச்சத்தில் நடந்தவை. மார்ச் 12இல் வ.உ.சி.யைப் பிடித்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஊர்மேல் தண்டக்காவல் வரி போட்டார்கள். ஜூலையில் வ.உ.சி.க்கு 40 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில்தான் குறைந்தது.

கப்பல் விடுகிறவருக்கே இந்தக் கதி என்றால் இளைஞர்கள் எங்கே போவார்கள்? செங்கோட்டைப் பக்கம் ரகசியச் சங்கம் கூடியது. 1911 ஜூன் 17இல் மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் துப்பாக்கி. வாஞ்சிக்குச் சுடக் கற்றுக்கொடுத்த, லண்டனிலிருந்து தப்பி வந்த வ.வே.சு. ஐயர் பிரெஞ்சு மண்ணான பாண்டிச்சேரியில் இருந்தார். பிரிட்டிஷ் போலீஸ் அங்கே கால் வைக்க முடியாது. ஒற்றர்களை நிறுத்தினார்கள், பிரெஞ்சு அரசை நெருக்கினார்கள். இன்றைக்கு இன்டர்போல், நாடுகடத்தல் ஒப்பந்தம் என்று நாம் பேசும் அத்தனைக்கும் முன்னோட்டம் அது. வழக்கு நடந்தது, ரகசியச் சங்கத்தை நடத்திய நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டு சிறை. கப்பல் கம்பெனி அதே 1911இல் கலைக்கப்பட்டது. துப்பாக்கி வந்த தடத்தைத் தேடிய அரசு, ஆத்திரம் வந்த தடத்தைத் தேடவில்லை.

அந்தக் காலத்து அரசு வாஞ்சியை என்ன பெயரிட்டு எழுதியது, நாம் ஏன் அந்த நிலையத்துக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம் என்பதை யோசித்தால், பயங்கரவாதத்துக்கு எல்லா நாடும் ஒப்பும் இலக்கணம் ஏன் இன்னும் வரவில்லை என்பது புரியும். இந்தியா 1996இல் ஐ.நா.வில் முன்வைத்த விரிவான உடன்படிக்கை அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் ஒன்று. கட்டுவாப்பிட்டியில் பூசைக்கு வந்த குழந்தையைக் கொன்றது குற்றம் என்று சொல்ல எந்த இலக்கணத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியவை

பார்த்ததைச் சொல்லுங்கள், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

பூட்டிய வீட்டில் நடுராத்திரி ரசாயன நெடி, தொடர்ந்து வந்திறங்கும் மூட்டைகள், கேட்பாரற்ற பை, ஆளைக் கொல்வதைப் பற்றிப் பேசும் வாய். இவை தகவல். தாடி, பர்தா, காவி வேட்டி, வடநாட்டுப் பேச்சு, ஈழத்து உச்சரிப்பு. இவை தகவல் இல்லை. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, போருக்குத் தப்பி வந்து முகாம்களில் கிடந்த அகதிகள் எத்தனை காலம் அந்தச் சந்தேகத்தைச் சுமந்தார்கள்! அவசரத்துக்கு 112. நேரம், இடம், வண்டி எண், கண்ணால் கண்டது. உங்கள் யூகம் வேண்டாம். அதைக் காவல்துறை பார்த்துக்கொள்ளும்.

வீட்டுப் பையன் பேச்சு மாறினால் உட்கார்ந்து கேளுங்கள்.

திடீரெனப் பழைய சிநேகிதர்களை வெட்டிவிடுகிறான். உம்மாவும் வாப்பாவும் கும்பிடும் தர்காவைத் திட்டுகிறான். அல்லது பக்கத்துத் தெருக்காரனை ஒழிக்க வேண்டும் என்கிறான். கைபேசியை விட்டு எழுவதில்லை. எந்த மதமானாலும் இந்த அடையாளங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். நெல்லையில் நமக்கு இது புதிதும் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். சாதிக் கயிறு கட்டிய கைகள். அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை தந்தது. அவமானம், ஆத்திரம், வேலையில்லாத நேரம், "நீ வீரன்டா" என்று தட்டிக்கொடுக்கும் மூத்தவன் ஒருவன். அரிவாளுக்கும் குண்டுக்கும் பையனைத் தயார் செய்யும் முறை ஒன்றே.

அடித்துத் திருத்த முடியாது. மிரட்டினால் இன்னும் உள்ளே போய்விடுவான். அவன் மதிக்கிற ஒருவரை, மாமாவோ, பள்ளி வாத்தியாரோ, பள்ளிவாசல் இமாமோ, கால்பந்து பயிற்சியாளரோ, பேச வையுங்கள். எதனால் அவனுக்குக் கோபம் என்று கேளுங்கள். கோபத்துக்கு உண்மையான காரணம் இருந்தால் அதை ஒப்புக்கொள்ளுங்கள். அங்கிருந்துதான் அவனோடு பேச முடியும்.

அமைதிக் கூட்டத்தைப் பிரச்சினை வரும் முன்பே கூட்டச் சொல்லுங்கள்.

நம் ஊரில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் என்றால் ஏற்கெனவே ஏதோ எரிந்துவிட்டது என்று பொருள். கொடை விழா, சந்தனக்கூடு, சப்பர பவனி எல்லாம் தேதி தெரிந்தே வருகின்றன. ஜமாஅத் தலைவரும் கோவில் கமிட்டிக்காரரும் பங்குத் தந்தையும் ஒருவர் எண்ணை ஒருவர் கைபேசியில் வைத்திருக்க வேண்டும். இரவு 11 மணிக்கு ஒரு வதந்தி கிளம்பினால், "என்ன அண்ணாச்சி, உண்மையா?" என்று நேரே கேட்கும் அளவுக்குப் பழக்கம் இருக்க வேண்டும். 

சோதனைக்கு வந்தால் ஒத்துழையுங்கள், உரிமையையும் கேளுங்கள்.

தேசிய புலனாய்வு முகமையின் (என்ஐஏ) சோதனை பெரும்பாலும் விடியும் முன் வரும். கதவைத் திறங்கள். தடுக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். எதற்காக, எந்த வழக்கு என்று கேளுங்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 105ஆம் பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். படித்துப் பார்க்காமல் சோதனைக் குறிப்பான மகஜரில் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள். கைதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்குக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் சொல்லிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். உபாவில் ஜாமீன் கடினம், குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை உள்ளே வைக்கலாம். ஆகவே முதல் நாளே வக்கீல் வேண்டும். வசதி இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

விசாரணை முடிந்து குற்றமில்லை என்று ஒருவரை அனுப்பிவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்றே போய் அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். கடை வைத்திருந்தால் அந்தக் கடையில் வாங்குங்கள். அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ஆட்டோவில் உங்கள் பிள்ளையும் ஏறட்டும்.